கடலோரக் குறும்பட விழாவும் சேலத்து வாசகர்களும்: கேள்வி பதில்

சென்ற இதழில் கடலோர மீனவ ஊர்களில் ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் குறும்பட விழாக்களைப் பற்றி எழுதியிருந்தேன். தியேட்டர் கிடையாது, டிக்கெட் கிடையாது. மீன் ஏலக்கூடத்திலோ கோயில் திடலிலோ ஒரு திரையைக் கட்டி, யாரோ கைக்காசு போட்டு எடுத்த சின்னச் சின்னப் படங்களை வரிசையாகப் போடுவார்கள், முடிந்ததும் எடுத்தவரும் பார்த்தவர்களும் அங்கேயே உட்கார்ந்து பேசுவார்கள். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் நிறைய சேலம், ஏற்காடு பக்கத்துக் கடிதங்கள். கடலே இல்லாத மாவட்டத்திலிருந்து இத்தனை பேர் கேட்டது எனக்கு ரொம்பச் சந்தோஷம், அதனால் இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே.

கேள்வி: அக்கா, எங்க அப்பா தறி நெய்கிறார். முன்பணம் வாங்கிவிட்டு அதே முதலாளியிடம் வருஷக்கணக்காக மாட்டிக்கொண்ட கதையை 14 நிமிஷப் படமாக எடுத்திருக்கிறேன். கடலோர விழாவுக்கு அனுப்பலாமா? மீன் பிடிக்கிறவங்களுக்குத் தறியைப் பற்றி என்ன புரியும்?
– நெசவாளர் மகன், அம்மாபேட்டை

பதில்: தாராளமாக அனுப்புங்கள் தம்பி. உங்கள் படம் அவர்களுக்குப் புரிகிற மாதிரி சென்னையில் ஏசி அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புரியுமா என்பதுதான் எனக்குச் சந்தேகம். கடற்கரையில் வலை வாங்க, இன்ஜின் வாங்க வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் பிடித்த மீனை அந்த வியாபாரிக்கே கொடுத்தாக வேண்டும், விலையை அவர்தான் சொல்வார். கிடைத்ததில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு போன பிறகுதான் கடலுக்குப் போன ஆட்கள் பிரித்துக்கொள்வார்கள். பாவும் ஊடையும் என்னவென்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நின்றால் வீட்டில் யார் முதலில் எழுந்து உள்ளே போவார்கள் என்பது நன்றாகத் தெரியும்.

ஆனால் அனுப்புவதற்கு முன்னால் இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது சத்தம். கடற்கரையில் அலைச் சத்தம் நிற்கவே நிற்காது, தாழ்ந்த குரல் வசனமெல்லாம் அதில் மூழ்கிவிடும். உங்கள் படத்திலோ தறிச் சத்தமும் இருக்கும். வசனம் வருகிற இடங்களில் தறியை நன்றாகக் கீழே இறக்கி, குரலை மேலே கொண்டுவந்து தனியாக ஒரு பிரதி செய்து வையுங்கள். ஹெட்போனில் கேட்டுப் பார்த்துவிட்டு சரி என்று விடாதீர்கள், மொட்டை மாடியில் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்துவிட்டு முப்பது அடி தள்ளி நின்று கேளுங்கள், அப்போது தெரிந்துவிடும். இரண்டாவது, தறி ஒரு முழு ஓட்டம் ஓடுவதை முதல் இரண்டு நிமிஷத்துக்குள் வெட்டாமல் காட்டிவிடுங்கள். குழியில் கால் எப்படி மிதிக்கிறது, கை எப்படி இழுக்கிறது, ஒரு விரற்கடைத் துணி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், கையால் வேலை செய்கிற எந்த ஊர்க்காரருக்கும் மீதிக் கதைக்கு விளக்கம் வேண்டாம். சேலத்து வெண்பட்டு வேட்டிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது என்பதைப் படத்தில் எழுத்தாகப் போடத் தோன்றும். போடலாம், ஆனால் அப்பாவின் கால் அதைவிட முக்கியம்.

முடிந்தால் படத்தோடு நீங்களும் போய் வாருங்கள். வசதி இருந்தால் அப்பாவையும் கூட்டிப் போங்கள். படம் முடிந்ததும் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பார்கள், அவரிடம் பத்துக் கேள்வி கேட்பார்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரிப் படத்துக்கு மாதாமாதம் ஏதோ ஒரு சர்வதேச விழாவிலிருந்து தேர்வாகிவிட்டது என்று மின்னஞ்சல் வருகிறது. நுழைவுக் கட்டணம் கட்டினால் விருதுச் சின்னம் அனுப்புகிறார்கள். கடலோர விழாக்காரர்கள் சின்னம் கூடத் தருவதில்லையாமே? எதற்கு அனுப்புவது?
– இளங்கலை மாணவர்கள் மூன்று பேர், நான்கு ரோடு

பதில்: அந்த மின்னஞ்சல்களுக்குப் பணம் கட்டாதீர்கள். விழா எந்த ஊரில், எந்த அரங்கில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு உங்கள் படத்தைப் போடப்போகிறது என்று கேட்டு எழுதுங்கள். நிகழ்ச்சி நிரல் அனுப்பினால் அது விழா. மாதம் ஒரு விழா, ஒவ்வொன்றிலும் ஐம்பது பிரிவு, எல்லாப் பிரிவிலும் விருது, படம் பார்க்க ஒரு நாற்காலிகூட இல்லை என்றால் அது படத்தை ஒரு மனிதர்கூடப் பார்க்காத ஏற்பாடு. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். வீட்டில் கேட்டு வாங்கிய சில ஆயிரங்களைப் பிள்ளைகள் இப்படிக் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அந்தக் காசில் ஒரு நல்ல மைக் வாங்கலாம்.

கட்டணம் வாங்குகிற எல்லா விழாவும் ஏமாற்று என்று சொல்லவில்லை, நல்ல விழாக்களும் வாங்குகின்றன. ஆனால் நம் பக்கத்திலேயே எத்தனை இடம் இருக்கிறது! மதுரையில் மறுபக்கம் அமைப்பு 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழா நடத்துகிறது. கேரள அரசின் திரைப்பட அமைப்பான கேரள சலச்சித்ர அகாதமி 2008ல் தொடங்கிய சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழா திருவனந்தபுரத்தில் நடக்கிறது, அதுவும் கடலோர ஊர்தான். மும்பையில் 1990 முதல் ஆவணப்படம், குறும்படம், அனிமேஷனுக்கென்றே அரசு நடத்தும் விழா இருக்கிறது. இவற்றுக்கு அனுப்புங்கள். கூடவே பெயரே வெளியே தெரியாத ஒரு மீனவ ஊர் விழாவுக்கும் அனுப்புங்கள். அங்கே சின்னம் கிடைக்காது, வலை பின்னிக்கொண்டே படம் பார்த்த ஒரு அம்மா வந்து கதையில் இந்த இடம் நடக்காது என்று நேராகச் சொல்வார். அதைக் கேட்கத்தான் போகிறோம்.

கேள்வி: வணக்கம். நாகலூர் பக்கம் ஆசிரியையாக இருக்கிறேன். கடலோரத்தில் நடப்பது போல எங்கள் மலைக்கிராமத்தில் ஒரு நாள் குறும்பட விழா நடத்த ஆசை. மலையாளிப் பழங்குடி மக்களும் எஸ்டேட் வேலைக்காரர்களும்தான் பார்வையாளர்கள். என்னென்ன வேண்டும், எப்போது வைக்கலாம்?
– ஒரு டீச்சர், ஏற்காடு

பதில்: டீச்சர், உங்கள் கடிதத்தைத்தான் நான் அதிகம் படித்தேன். பொருட்களைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், முதலில் தேதி. கடலோர விழா நடத்துகிறவர்களிடம் நான் பார்த்துக் கற்ற பெரிய விஷயம் அதுதான். அவர்கள் காலண்டரைப் பார்ப்பதற்கு முன்னால் கடலைப் பார்க்கிறார்கள். விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே சின்னப் படகுக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள், ஆகவே ராத்திரி ஒன்பதுக்கு மேல் எந்தப் படமும் ஓடாது. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத ஊர்களில் சனிக்கிழமை ராத்திரியைப் பிடித்துக்கொள்கிறார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், ஆட்கள் ஊரிலேயே இருப்பார்கள். ஆனால் அது கையில் காசில்லாத காலமும்கூட, அப்போது விழாவுக்கு நன்கொடை கேட்டு யார் வீட்டு வாசலிலும் நிற்க மாட்டார்கள்.

உங்களுக்கு இதுவே காபிக் கணக்கு. நவம்பரிலிருந்து பழம் பறிப்பு, காலையிலிருந்து சரிவில் நின்றுவிட்டு வந்த உடம்போடு யாரும் சாயங்காலம் படம் பார்க்க உட்கார முடியாது. மே மாதம் கோடை விழா, சேர்வராயன் கோயில் திருவிழா, ரோடு முழுக்க சுற்றுலா வண்டி. மழையும் பனியும் பிடிக்கிற மாதங்களை விடுங்கள். பறிப்பு முடிந்து கோடைக்கூட்டம் ஏறுவதற்கு முன்னால், பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் வாரம் நல்லது. பள்ளித் தேர்வுத் தேதியை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

இடம்: தயவுசெய்து திறந்தவெளி வேண்டாம். கடற்கரையில் காற்றுதான் எதிரி, திரை பாய் மாதிரி உப்பிக் கம்பத்தைச் சாய்த்துவிடும், அதனால் அங்கே மதியத்துக் கடல்காற்று அடங்கும் வரை காத்திருந்து ஏழரைக்குத் தொடங்குவார்கள். உங்கள் ஊரில் 1500 மீட்டர் உயரத்தில் மஞ்சு இறங்கினால் புரொஜக்டர் வெளிச்சம் பாதி வழியிலேயே சிதறிவிடும், திரையில் சாம்பல் நிறம்தான் மிஞ்சும். லென்ஸிலும் ஈரம் படியும். பள்ளிக்கூட ஹால் இருக்கிறதே, அதைக் கேளுங்கள். அதோடு சாயங்காலம் மூன்று மணிக்கே தொடங்கி ஆறு மணிக்கு முடித்துவிடுங்கள். இருட்டின பிறகு காட்டெருமை நடமாடுகிற பாதையில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் நடக்க வேண்டியதில்லை. சன்னல்களைக் கறுப்புத் துணியாலோ காபி மூட்டைச் சாக்காலோ மறைத்தால் பகலிலேயே போதுமான இருட்டு கிடைக்கும்.

திரைக்கு சுருக்கம் இல்லாத கெட்டி வெள்ளைத் துணி, பின்னால் ஒரு கறுப்புத் துணி. பின்னால் கறுப்பு இல்லாவிட்டால் வெளிச்சம் துணியைத் துளைத்துப் போய்விடும். 12 அடி அகலத்துக்கு 3000 லூமன்ஸ் புரொஜக்டர் போதும், பெரும்பாலும் பள்ளியிலோ பஞ்சாயத்திலோ அதுவே இருக்கும். பெரிதாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று 24 அடிக்குப் போய்விடாதீர்கள். அகலம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு, வெளிச்சம் நான்கில் ஒன்றாகக் குறையும். கரண்ட் போனால் லாம்ப் சூடாக இருக்கும்போதே விசிறி நின்று கெட்டுப்போகும், ஆகவே புரொஜக்டரை யு.பி.எஸ்.ஸில் போடுங்கள். லேப்டாப் தன் சார்ஜிலேயே ஓடட்டும். படங்களை எல்லாம் முந்தின நாளே ஒரே பென்டிரைவில் ஏற்றி, ஒவ்வொன்றையும் தொடக்கம், நடு, முடிவு என்று ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

மைக் செட்காரரிடம் ஒரு வார்த்தை. கோயில் திருவிழாவுக்குப் போடுகிற அளவுக்கு அவர் பாஸ் ஏற்றி வைப்பார், அது பாட்டுக்குச் சரி. படத்துக்குப் பேச்சுதான் கேட்க வேண்டும். இரண்டு பாக்ஸைத் திரைக்கு இரண்டு பக்கமும் ஆள் தலை உயரத்தில் வைத்து, பாஸைக் குறைக்கச் சொல்லுங்கள்.

எத்தனை படம்? பத்து போதும். நடுவில் டீ, பிறகு பேச்சு. வெளியிலிருந்து வரும் படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஊரிலிருந்து நான்கு பேர், அதில் இரண்டு பெண்கள், உங்களோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கட்டும். பழங்குடி மக்களை வேடிக்கைப் பொருளாகக் காட்டுகிற படம் ஒன்றாவது வந்துவிடும். அதை உங்களுக்கு முன்னால் அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பரிசு வைக்க நினைத்தால் ஓட்டுச்சீட்டு வேண்டாம். ஒவ்வொரு படத்தின் ஒரு காட்சியை அச்செடுத்து ஒட்டிய பானைகளை வாசலில் வைத்து, கைக்கு ஒரு காபிக்கொட்டை கொடுத்தால், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் போவார்.

வெளியூரிலிருந்து படம் எடுத்தவர்களைக் கூப்பிட்டால் முந்தின நாளே வரச் சொல்லுங்கள். இருபது கொண்டைஊசி வளைவும் ஏறிவந்த தலைசுற்றலோடு யாரும் நன்றாகப் பேசுவதில்லை.

கேள்வி: சும்மா தெருவில் இலவசமாகப் போடுகிற குறும்படத்துக்கும் சென்சார் வேண்டுமா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: 1952ஆம் ஆண்டு திரைப்படச் சட்டம் பொதுமக்களுக்குத் திரையிடுவதைப் பற்றித்தான் பேசுகிறது, டிக்கெட் வாங்குகிறீர்களா இல்லையா என்பதைப் பற்றி அல்ல. ஆகவே இலவசம், சின்னப் படம் என்பதால் சட்டம் தொடாது என்று நினைக்க வேண்டாம். அதே சட்டத்தின் 9ஆம் பிரிவில் விலக்கு கொடுக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு இருக்கிறது, திரைப்பட விழாக்கள் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குப் படப்பட்டியல், கதைச்சுருக்கத்தோடு முன்கூட்டியே விண்ணப்பித்து அதை வாங்குகின்றன. அந்தந்தப் படத்துக்குத் தணிக்கை வாரியத்தின் சென்னை மண்டல அலுவலகத்தில் சான்றிதழ் வாங்குவது இன்னொரு வழி. எதுவாக இருந்தாலும் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். இடத்துக்கு உள்ளாட்சி அனுமதி, ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. இதெல்லாம் தலைவலிதான், ஆனால் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது வந்து பிளக்கைப் பிடுங்கினால், அடுத்த வருஷம் அந்தத் தெருவில் ஒருவரும் இடம் தர மாட்டார்கள்.

கேள்வி: நான் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். செல்போனில் எங்கள் பட்டறையைப் படம் எடுக்கிறேன். பற்றவைக்கும்போது எல்லாம் கறுப்பாகிவிடுகிறது, டியூப்லைட் வேறு பட்டை பட்டையாக ஓடுகிறது. இதையெல்லாம் பெரிய திரையில் போட முடியுமா அக்கா?
– வெள்ளித் தொழிலாளி, சிவதாபுரம்

பதில்: போட முடியும் தம்பி, நிறையப் பேர் போடுகிறார்கள். பட்டை ஓடுவது போனின் குறை இல்லை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், போன் தானாக விநாடிக்கு 30 பிரேம் எடுக்கும், இரண்டும் ஒத்துப்போகாது. கையால் மாற்றுகிற வசதி உள்ள கேமரா செயலி ஒன்றை ஏற்றி விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 50ல் ஒரு பங்கு என்று வையுங்கள், நின்றுவிடும். கறுப்பாவதற்குக் காரணம் தீக்கொழுந்தைப் பார்த்ததும் போன் பயந்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்வது. முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் எக்ஸ்போஷர் பூட்டிக்கொள்ளும், பிறகு தீ வரட்டும், தீ கொஞ்சம் வெளுத்துப்போனாலும் முகம் நிற்கும். போனைப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். சத்தத்துக்குச் சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஒன்று. தீபாவளிக்கு முன்னால் வேலை நெருக்கும்போதுதான் உங்கள் பட்டறையின் உண்மையான முகம் தெரியும், அப்போது தினம் பத்து நிமிஷமாவது எடுத்து வையுங்கள். படத்தை வெட்டித் தொகுப்பதைப் பொங்கலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: அந்தக் காலத்தில் சினிமாவே சேலத்தில்தான் எடுத்தார்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஊருக்குக் கடலோரக் கிராமத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய நிலையா?
– ஓய்வு பெற்றவர், அஸ்தம்பட்டி

பதில்: ஐயா, உங்கள் ஆதங்கம் நியாயமானது. 1930களின் நடுவில் டி.ஆர். சுந்தரம் ஏற்காடு ரோட்டில் தொடங்கிய ஸ்டூடியோ நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும்படம் 1938ல் இந்த நிறுவனத்தின் தயாரிப்பாகத்தான் வந்தது, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமும் 1956ல் இவர்களுடையதுதான். கடலோரக் கேரளத்துக்கு மலையாளப் பேசும்படம் போனதே சேலத்து வழியாக என்று நீங்கள் பெருமையாகச் சொல்லலாம். இன்று அங்கே நிற்பது ஸ்டூடியோவின் நுழைவாயில் வளைவு மட்டும்.

ஆனால் அது ஒரு முதலாளி, மாதச் சம்பளத்துக்கு எழுத்தாளர், நடிகர், தொழில்நுட்பக்காரர் எல்லாரையும் ஒரே கூரையில் வைத்து நடத்திய ஆலை. ஊர்க்காரர்கள் கூடி நடத்துகிற விழாவுக்கு வேறு முன்மாதிரி வேண்டும். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஜெர்மனியில் ஓபர்ஹவுசன் என்று ஒரு ஊர், நிலக்கரியும் இரும்பாலையும்தான் அப்போது அதன் அடையாளம், நம் ஊர் ஆட்கள் போய் நின்றிருந்தால் அந்நியமாகவே தோன்றியிருக்காது. அங்கே முதியோர் கல்வி மையத்தை நடத்திக்கொண்டிருந்த ஹில்மர் ஹாஃப்மன் 1954ல் குறும்பட விழா தொடங்கினார். 1962ல் அந்த விழாவில்தான் 26 இளைஞர்கள் கையெழுத்துப் போட்டுப் பழைய சினிமா செத்துவிட்டது என்று அறிவித்தார்கள், ஜெர்மன் சினிமாவே அதற்குப் பிறகு திரும்பியது. விழா இன்றும் நடக்கிறது. தொடங்கியது ஒரு வகுப்பறைக்காரர், ஸ்டூடியோக்காரர் இல்லை. இரும்பாலை உள்ள ஊர்தானே நம்முடையதும்?

கேள்வி: குடும்பத்தோடு கடற்கரை மணலில் உட்கார்ந்து இப்படி ஒரு விழா பார்க்க வேண்டும். எந்த மாதம் போகலாம்?
– குடும்பத்தலைவி, குகை

பதில்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல், வேண்டாம். ஜனவரிக்குப் பிறகு வானம் தெளிவாக இருக்கும். கடல் நமக்கு நினைக்கிற அளவு தூரமும் இல்லை, ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை வழியாகக் கடலூர் சுமார் 200 கிலோமீட்டர்தான். ஆடி மாதத்தில் மட்டும் திட்டம் போடாதீர்கள், கோட்டை மாரியம்மனை விட்டுவிட்டுக் குகையிலிருந்து நீங்கள் எங்கே கிளம்பப்போகிறீர்கள்?

மணலில் என்று சொன்னீர்களே, அதில் ஒன்று. ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் நம் கடற்கரையில் ஏறி முட்டையிடும். குஞ்சுகள் பொரிந்து வெளியே வந்ததும் வெளிச்சம் இருக்கிற பக்கம்தான் நகரும், இயற்கையில் அது கடல். அங்கே நாம் போகஸ் லைட்டும் திரையும் வைத்தால் ரோட்டுப் பக்கம் வந்து வண்டியிலும் நாயிடமும் மாட்டிச் சாகும். விஷயம் தெரிந்த விழாக்காரர்கள் அந்த மாதங்களில் ஊருக்கு உள்ளே, கூடத்துக்குள் திரையிடுவார்கள். மணலில்தான் போட வேண்டும் என்று நாம் வற்புறுத்தக் கூடாது. பகலில் மணலில் விளையாடிவிட்டு ராத்திரி கூடத்தில் படம் பாருங்கள்.

போகும்போது பாய் எடுத்துப் போங்கள். பத்துத் தட்டுவடையும் எடுத்துப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கொடுங்கள், பேச்சு தானாக வரும்.

கேள்வி: எல்லாம் சரி, பணம்? கடைக்காரர்களிடம் விளம்பரம் கேட்டால் நடிகரைக் கூட்டி வருவீர்களா என்கிறார்கள்.
– நண்பர்கள் குழு, கொண்டலாம்பட்டி

பதில்: நடிகர் வந்தால் அவர் வரும்வரை ஒரு கூட்டம், போன பிறகு காலி நாற்காலி. நடுவில் மாட்டுகிற படங்களைப் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். அந்த வழிக்கே போகாதீர்கள்.

1984ல் கோழிக்கோட்டில் மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் ஒடேசா என்ற திரைப்படக் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். ஊர் ஊராகப் போய்ப் படம் போட்டு, பார்த்தவர்களிடம் துண்டை ஏந்தி, அப்படிச் சேர்ந்த சில்லறையில் 1986ல் ஒரு முழுநீளப் படமே எடுத்து முடித்தார்கள். பணம் கொடுத்தவர்கள் அதைத் தங்கள் படம் என்று நினைத்தார்கள். சென்னையில் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015ல் தொடங்கிய கலைவிழாவைப் பாருங்கள். அது இசைக்கும் நடனத்துக்குமானது, ஆனால் மீனவக் குப்பத்து ஆட்களும் வெளியிலிருந்து வந்தவர்களும் சேர்ந்து செய்ததால்தான் அது நிலைத்தது.

உங்கள் ஊரில் பணமாகக் கேட்காமல் பொருளாகக் கேளுங்கள். சாமியானாக்காரர் ஒருநாள் பந்தல் தருவார், மில்காரர் திரைத் துணி தருவார், ஹோட்டல்காரர் டீ தருவார், மைக் செட்காரர் பாதி வாடகைக்கு வருவார். தந்தவர்கள் பெயரைத் திரையில் போடுங்கள், அவர்கள் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்காருவார்கள். படம் எடுத்தவர்களுக்குப் பஸ் கட்டணமும் சாப்பாடும் மட்டும் கைக்காசாக வேண்டும், அதற்கு வீட்டுக்கு வீடு ஐம்பது ரூபாய் ரசீது புத்தகம். முடிந்த மறுநாளே வரவு செலவை எழுதி டீக்கடைப் பலகையில் ஒட்டிவிடுங்கள், இதை ஒரு வருஷம்கூட விடக் கூடாது.

கேள்வி: என் மகள் வேலைக்குத் தயார் செய்யாமல் குறும்படம், விழா என்று கடலூர், நாகப்பட்டினம் போகிறாள்ங்க. இதில் என்னங்க எதிர்காலம்?
– ஒரு அப்பா, கன்னங்குறிச்சி

பதில்: ஐயா, சம்பளம் உறுதி என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தொலைக்காட்சியின் குறும்படப் போட்டியில் சின்னப் படங்கள் எடுத்த கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி போன்றவர்கள்தான் பிறகு பெரிய இயக்குநர்களானார்கள். முறையாகப் படிக்க வேண்டுமென்றால் தரமணியில் அரசு எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரி இருக்கிறது, புனேயிலும் கொல்கத்தாவிலும் மத்திய அரசு நிறுவனங்கள் இருக்கின்றன. இதையெல்லாம் பேசுவதற்கு முன்னால், அவள் எடுத்த படத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அடுத்த விழாவுக்கு நீங்களும் அவளோடு போய் கூட்டத்தில் உட்காருங்கள்ங்க. அங்கே அவள் எழுந்து பதில் சொல்வதைக் கேட்டுவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் படத்தில் டீக்கடை ரேடியோவில் ஒரு சினிமாப் பாட்டு ஓடுகிறது. நாங்கள் காசு வாங்கவில்லையே, வைத்துக்கொள்ளலாம்தானே?
– உதவி இயக்குநர் ஆகப்போகிறவர், ஐந்து ரோடு

பதில்: எடுத்துவிடுங்கள். பாடலின் ஒலிப்பதிவுக்கு ஒருவர் உரிமையாளர், மெட்டுக்கும் வரிக்கும் வேறு உரிமையாளர்கள், இரண்டு பக்கமும் அனுமதி வேண்டும். காசு வாங்காதது பதில் ஆகாது. விழாக்காரர்கள் பலர் இதனாலேயே நல்ல படங்களைத் திருப்பி அனுப்புகிறார்கள், இணையத்தில் ஏற்றினால் அங்கேயும் முடக்கிவிடுவார்கள்.

டீக்கடைக்குப் பாட்டு அவசியம் என்றால் உங்கள் ஊர்க் கோயிலில் பம்பை அடிக்கிறவரையோ, நாதஸ்வரக்காரரையோ, கல்யாண வீட்டில் பாடுகிற அக்காவையோ போய்க் கேளுங்கள். பாட்டும் அவர்களுடையதாக, இல்லையென்றால் ஊரில் வழிவழியாகப் பாடுகிற பழைய பாட்டாக இருக்கட்டும். வாசிப்பதற்குக் கூலி கொடுத்து, இந்தப் படத்தில் பயன்படுத்தச் சம்மதம் என்று ஒரு தாளில் எழுதி வாங்கி, பெயரை எழுத்தில் போட்டுவிடுங்கள். அந்தத் தாளின் நகலை அவரிடமும் ஒன்று கொடுத்துவிடுங்கள்.